நடப்பவனுக்கு ஒரு தெரு

முள்ளிப்பட்டில் கோழி கூவுமுன்பே தெரு விழித்துக்கொள்ளும். இருபுறமும் குழித்தறி வீடுகள். நடுவே, தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டிய பட்டுப் பாவு. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோட இந்தப் பக்கம் ஒரு முதியவர், அந்தப் பக்கம் பள்ளிக்குப் போகுமுன் கைகொடுக்க வந்த ஒரு சிறுவன். அந்த வேளையில் வண்டி எதுவும் அத்தெருவில் நுழையாது. வந்தாலும் தெருமுனையில் நின்றுவிடும். அதற்கு அரசாணை இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, காவலர் இல்லை. "பாவு கிடக்கிறது" என்ற இரண்டு சொல் போதும். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். அதன்பின் தெரு ஊருக்குத் திரும்பும்.

வண்டிக்கு இடமில்லை, நடப்பவனுக்கே இடம் என்னும் தெருவை மேனாட்டார் தாம் கண்ட புதுமையென்று சொல்லிக்கொள்வதுண்டு. ஆலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரை 1940ஆம் ஆண்டு மே மாதம் செருமானியர் குண்டு வீசித் தரைமட்டமாக்கினர். மீண்டும் எழுப்பியபோது, நடப்பவருக்கு மட்டுமே என்று ஒரு கடைத்தெருவைத் திட்டமிட்டுக் கட்டி 1953இல் திறந்தனர். அதன் பெயர் லைன்பான். பெயரின் பொருள் என்ன தெரியுமா? கயிறு திரிப்போர் தம் கயிற்றை நீட்டி முறுக்கும் நெடுவழி! நம் தெருவில் பாவு நீண்டது. அவர்கள் தெருவில் வடம் நீண்டது. உழைப்பவன் தன் தொழிலுக்காக வண்டியை நிறுத்தி வைத்திருந்த இடத்தில்தான், பின்னாளில் உலாவ வந்தவனுக்கும் இடம் கிடைத்தது. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஏகனில் ஸ்ட்ரோயெட் என்னும் தெரு 1962இல் வண்டிகளை விலக்கியது. "கடை நாசமாகும், வணிகம் படுத்துவிடும்" என்று அங்கும் வணிகர் அலறினர். கடைகள் நாசமாகவில்லை, கூட்டம் பெருகியது.

தமிழகத் தலைநகரில் அப்படியொரு தெரு அமைந்தது 2019ஆம் ஆண்டு நவம்பரில். தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே செல்லும் தியாகராய சாலையில், பாண்டி பஜார் என்று உலகம் அழைக்கும் பகுதியில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகள் அடியோடு ஒழிக்கப்படவில்லை, ஒடுக்கப்பட்டன. முன்பு வண்டி நின்ற இடமெல்லாம் அகன்ற நடைபாதையாயிற்று. மர நிழலில் இருக்கைகள் வந்தன.

அந்தத் தெருவைக் காண நம் மாமாவை அழைத்துச் சென்றோம். நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்தவர். தம் கையால் நெய்த புடைவைகள் எத்தனையோ அந்த வட்டாரத்துக் கண்ணாடிப் பேழைகளில் ஏறியிருக்க, தாம் மட்டும் அங்கே ஒரு முறையும் காலடி வைக்காதவர். பேருந்திலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது.

"ஏம்ப்பா, பாண்டி பஜார் என்கிறார்களே, யார் அந்தப் பாண்டி?"

வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் தடுமாறலாமா? தடுமாறினோம். வகுப்பில் கேட்டாலும் இதே கதைதான். "புதுச்சேரியைத்தானே ஐயா பாண்டி என்பார்கள்?" என்பான் பையன். அவனைக் குறை சொல்ல இயலாது. புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் கடை வைத்ததால் வந்த பெயர் என்று சொல்வாரும் உளர். ஆனால் அந்த அங்காடிக்கு முறையாக வழங்கிய பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நாவுக்கு நீளம் என்று பெயரை நறுக்கினார்கள். 'சௌந்தர' போயிற்று, 'பாண்டி' நின்றது. அவரைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. ஆனால் தெருவுக்கு முன்னே அங்கே கிடந்த ஏரியைச் சொல்லியாக வேண்டும்.

இன்று பட்டும் பொன்னும் குவிந்து கிடக்கும் அந்த நிலம் நூறு ஆண்டுகளுக்கு முன் நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த பேரேரியை வெள்ளையர் 'நெடுங்குளம்' என்னும் பொருளில் தம் மொழியில் அழைத்தனர். அதன் மாம்பலப் பகுதியை வடித்து, மேடாக்கி, மனை பிரித்து, 1923ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுநகர் ஒன்றை எழுப்பினர். 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கவும், மாம்பலம் நிலையம் புதுநகரின் வாயிலாயிற்று. ஏரியை அழித்து ஊர் கண்டதைச் சாதனையென்று மட்டும் எழுதிவிட நம் கை ஒப்பவில்லை. 2021 நவம்பர் மழையில் அந்நகரின் தெருக்கள் குளமாயின. வருணன் சினந்தான் என்று பரிகாரம் தேடுவோர் தேடட்டும். பள்ளத்தில் நீர் தேங்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

அந்தப் புதுநகர் எழுந்த காலத்தில் சென்னை மாகாணத்தில் ஆட்சி நடத்தியது நீதிக் கட்சி. முதல்வராயிருந்தவர் பனகல் அரசர். 1921இல் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானம் கண்டதும், அதே ஆண்டு செப்டம்பர் 16இல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகவே நகரின் நடுப் பூங்காவுக்குப் பனகல் பெயர். நெடுஞ்சாலை ஒன்றுக்கு முகமது உசுமான் பெயர். 1912இல் திராவிடர் சங்கம் கண்டு, பின்னர் வெளியூர் மாணவர் தங்கிப் படிக்கத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்திய மருத்துவர் நடேசனார் பெயர் மற்றொரு பூங்காவுக்கு. டாக்டர் டி.எம். நாயர் பெயர் ஒரு சாலைக்கு. ஊருக்கே பிட்டி தியாகராயர் பெயர். கோயிலைச் சுற்றித் தேர் ஓட மாடவீதி அமைத்து, அதன்பின் குலத்துக்கு ஒரு தெரு வகுப்பதே ஊரமைப்பு என்றிருந்த நாட்டில், பூங்காவை நடுவே வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்து, அவற்றுக்கு மனிதர் பெயர் சூட்டியது சிறிய செயலன்று.

நீதிக் கட்சியில் சீமான்களும் செமீந்தார்களும் மிகுந்திருந்தனர். அதை மறைப்பது நமக்கு அழகன்று. புதுநகரின் மனைகளை வாங்கியவரும் பெரும்பாலும் வசதி படைத்தவரே. எனினும் தியாகராயரை அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிவிட முடியாது. 1852இல் கொருக்குப்பேட்டையில் பிறந்தவர். நெசவு மரபில் வந்தவர். நூறு தறிகள் கொண்ட நெசவுக்கூடம் நடத்தியவர். கையால் எறியும் நாடாவுக்கு மாற்றாக, கயிற்றை இழுத்தால் தானே பாயும் விசைநாடாவை நெசவாளரிடையே பரப்பப் பாடுபட்டவர். இதைச் சொன்னதும் மாமா முகத்தில் வந்த மலர்ச்சியைக் கண்டிருக்க வேண்டும். "அட, நம்ம தொழில்காரரா!" என்றார். பெருமை அந்தத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. 1920 டிசம்பரில் முதல்வர் பதவி வாயிலில் வந்து நின்றபோது, வேண்டாம் என்று ஒதுங்கியவர் அவர். அதே ஆண்டு, சென்னை மாநகராட்சித் தலைவராக, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கத் தீர்மானம் நிறைவேற்றினார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பசித்த வயிற்றுடன் வந்து பலகையைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணை நாள்தோறும் காணும் நமக்கு அந்த ஓர் அணாவின் எடை தெரியும். 1925 ஏப்ரலில் அவர் மறைந்தார். ஊர் அவர் பெயர் தாங்கிற்று.

இனி, பெயர் நறுக்கப்பட்டவரிடம் வருவோம்.

ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் 1893இல் பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். செல்வக் குடும்பம். ஆனால் செல்வம் இருந்தென்ன? அவர் பிறந்த சமூகத்தாரைக் கோயில் வாயிலில் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. கமுதியில் கோயிலுக்குள் நுழைந்தனர் என்று நாடார்கள் மீது வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம், உயர்நீதிமன்றம் எனப் படியேறி, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று அவ்வழக்கு. கடல் கடந்தும் தீர்ப்பு ஒன்றே: நுழைய உரிமை இல்லை! ஆங்கிலேயன் சட்டமும் ஆரிய வழக்கமும் ஒரே இருக்கையில் அமர்ந்து எழுதிய தீர்ப்பு அது. அப்போது சௌந்தரபாண்டியனுக்கு வயது பதினைந்து.

மிதிபட்டவர் இருவகைப்படுவர். தனக்குக் கீழே ஒருவனைத் தேடி மிதித்து ஆறுதல் காண்பவர் ஒரு வகை. மிதிக்கும் காலையே நீக்க முனைபவர் மறுவகை. சாதிப் படிக்கட்டின் சூழ்ச்சியே முதல் வகையினரை ஆயிரமாயிரமாக உண்டாக்குவதில் அடங்கியிருக்கிறது. சௌந்தரபாண்டியன் இரண்டாம் வகை. 1920களின் இறுதியில் அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவரானார். மாவட்டத்துச் சாலைகளில் தனியார் பேருந்துகள் ஓடின. காசு கையில் இருந்தாலும் ஆதிதிராவிடரை ஏற்றமாட்டார்கள். இரும்பும் மரமும் இரப்பரும் சேர்ந்து செய்த வண்டி! செய்தவன் வேற்று நாட்டான். எண்ணெய் வந்தது எங்கோ ஒரு பாலைநிலத்திலிருந்து. அதன் இருக்கைக்கும் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்! வண்டி இயந்திரம் புதியது, ஓட்டியவன் மூளை பழையது.

சௌந்தரபாண்டியன் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் இரத்தாகும் என்று ஆணையிட்டார். அவ்வளவுதான். சாத்திரத்துக்கு அஞ்சியவன் உரிமத்துக்கும் அஞ்சினான். நூற்றாண்டு நூற்றாண்டாக நியாயம் பேசிப் பெற முடியாததை ஒரு தாள் பெற்றுத் தந்தது. அதிகாரம் என்பது எதற்கு என்று நம்மைக் கேட்கும் மாணவர்களுக்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டு இதுவே. 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியபோது தலைமை தாங்கியவரும் அவரே. சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து களைக என்றும், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒத்த சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானித்த மாநாடு அது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவில் நடப்பது எத்தனை பெரிய செயலாக இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். மாம்பலம் ஏரியை மனையாக்கிக்கொண்டிருந்த அதே 1924இல்தான், மார்ச் 30ஆம் நாள், வைக்கம் போராட்டம் தொடங்கிற்று. கோயிலுக்குள் போகும் போராட்டமன்று; கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் போராட்டம்! ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் முழுமையாகத் திறக்கவில்லை. திருவிதாங்கூர் மன்னராட்சி, அங்கே அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்ல வழியில்லை. சென்னை மாகாணத்திலும் அதுவே நிலை. 1924 ஆகத்தில் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக்குளம் எவற்றையும் எவரும் பயன்படுத்தத் தடையில்லை. தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அந்த ஆணையின் மை காயுமுன், அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த பாலக்காட்டின் கல்பாத்தித் தெருவில் நுழைந்த ஈழவர்களை அடித்து விரட்டினார்கள். 'பொதுத் தெரு' என்ற சொல்லில் 'பொது' என்பதற்குப் பொருள் காண ஒரு தலைமுறை அடிபட்டது. அந்தத் தலைமுறையின் தலைவர் ஒருவர் பெயர்தான் அந்த நடைபாதைக்குப் பெயர். பலகை வைத்தவர்கள் அதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் தானே வந்து அமைந்திருக்கிறது.

தெருவை நடப்பவனுக்குத் திருப்பிக் கொடுத்த கதையில் ஒரு முள்ளும் உண்டு. பாண்டி பஜார் என்றதும் பழைய சென்னைவாசிகளுக்கு நினைவு வருவது பெருங்கடைகளன்று, நடைபாதைக் கடைகள். வளையல், செருப்பு, சட்டை, பாத்திரம் என்று விரித்து வைத்து, கூவி விற்று, பேரம் பேசி, மாலைக்குள் மூட்டை கட்டியவர்கள். அவர்களை 2013இல் நீதிமன்ற ஆணையின் வழியில் அகற்றி, அதே சாலையில் மாநகராட்சி எழுப்பிய அடுக்கு வணிக வளாகத்துக்கு அனுப்பினர்; 600க்கும் மேற்பட்ட கடைகள். மழைக்குக் கூரை கிடைத்தது உண்மை. ஆனால் நடைபாதைக் கடையின் உயிரே, நடக்கிறவன் காலில் அது தட்டுப்படுவதில்தான் இருக்கிறது. படியேறி வந்து பத்து ரூபாய் வளையல் வாங்குபவர் எத்தனை பேர்? நடைபாதை வணிகரைக் கணக்கெடுக்காமலும், அவர்களும் அமர்ந்த குழுவைக் கேளாமலும் அகற்றலாகாது என்னும் பொருள்பட நாடாளுமன்றம் சட்டம் செய்தது அடுத்த ஆண்டு, 2014இல். ஓராண்டு முந்தியிருக்கலாம்.

நடப்பவருக்கு வழி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நடப்பதும் விற்பதும் பகை என்று யார் சொன்னது? சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரநிழலில் நாளங்காடி கூடியது. பட்டிலும் பருத்தியிலும் நெய்யும் காருகர் அதே நகரில் குடியிருந்தனர். மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் அல்லங்காடியையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. தமிழன் கண்ட தெருவில் விற்பவனும் நடப்பவனும் சேர்ந்தே இருந்தனர். புகாரின் பெருமையை மேடையில் முழங்கிவிட்டு, இறங்கி வரும்போது வளையல் விற்கும் அக்காவை விரட்டுவது என்ன பண்பாடு?

மற்றொன்றும் கண்டோம். வெளியே நடைபாதையில் நூற்றுக்கணக்கானோர் அமர இருக்கைகள். உள்ளே, துணிக்கடையில், புடைவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு? காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்வதுதான் துணிக்கடை வேலை என்று நெடுங்காலம் இருந்தது. கேரளம் 2018இல் விழித்தது. தமிழகச் சட்டமன்றம் 2021இல், 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் ஒவ்வொருவருக்கும் அமர இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! நெசவாளி தறிக்குழியில் உட்கார்ந்தே தேய்ந்தான். அவன் நெய்ததை விற்கும் பெண் நின்றே தேய்ந்தாள். நாம் சென்ற கடைகளில் எட்டிப் பார்த்தோம். ஒரு கடையில் முக்காலிகள் இருந்தன, பெண்கள் முறை மாற்றி அமர்ந்தனர். மற்றொன்றில் முக்காலி இருந்தது. அதன் மேல் துணிக்கட்டு அமர்ந்திருந்தது.

அக்கடையில்தான் மாமா ஒரு புடைவையைத் தொட்டுப் பார்த்தார். கரையை விரலால் நீவினார், முந்தானையைத் திருப்பினார். "இது நம்ம பக்கத்துத் தறி" என்றார். விலைச்சீட்டைப் பார்த்தார். அவருடைய நெசவுக் கூலியை நாம் அறிவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி அவரை நாணவைக்க விரும்பவில்லை. எடுத்துக் காட்டிய பெண், "ஐயா, நெசவுக்காரரா?" என்று கேட்டாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். மாமா அவள் காலைப் பார்த்தார், பிறகு முக்காலியைப் பார்த்தார். எழுந்து போய் அந்தத் துணிக்கட்டைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார். "உட்காரும்மா" என்றார். அவள் மேலாளர் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அமர்ந்தாள்.

வெளியே வந்து மரத்தடி இருக்கையருகே நின்றோம். மாமா உட்காரவில்லை; தயங்கினார்.

"இங்கே உட்கார்ந்தால் காசு கேட்பார்களா?"

"கேட்கமாட்டார்கள் மாமா."

"யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்களா?"

"சொல்ல எவருக்கும் உரிமை இல்லை."

தோளில் கிடந்த துண்டை எடுத்து, இருக்கையைத் தட்டாமலே, சாய்ந்து அமர்ந்தார். பள்ளிச் சிறுமியர் நால்வர் பனிக்கூழ் சுவைத்தபடி கடந்தனர். தள்ளுநாற்காலியில் ஒரு மூதாட்டியைப் பேரன் தள்ளிக்கொண்டு போனான். சௌந்தரபாண்டியனார் பெயர் எழுதிய பலகை எங்கே இருக்கிறது, காட்டு என்றார் மாமா. தேடிக்கொண்டு நடந்தோம். கடைப் பெயர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒளி வீசின. திரும்பிப் பார்த்தபோது அவர் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.